ஹசீனாவின் அறுபது ஏக்கர்

மே மாதம் பிறந்துவிட்டால் ஏற்காட்டில் யாருக்கும் உட்கார நேரம் கிடைக்காது. சமவெளியில் வெந்துகொண்டிருக்கும் ஜனமெல்லாம் மலையேறி வந்துவிடும். ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளி முகமது யூசுப் வைத்திருந்த கடையில் ஸ்வெட்டர், குல்லா, தைலம், காப்பித்தூள், மிளகு எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் போகும். மற்ற மாதங்களில் அவற்றுக்குத் தூசி தட்டுவதுதான் வேலை. அதனால் அவர் மனைவி ரபியா, கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மே மாதம்கூட மலையை விட்டு இறங்கியதில்லை.

கடையைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. யூசுப்பின் தங்கை ஹசீனா.

ஹசீனாவைத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவன் அன்வருக்கு அங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே, கணவனும் இரண்டு பையன்களும் ஏழு பைகளுமாக அவள் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிடுவாள். பதினேழு வருடமாக இதில் மாற்றமில்லை. யூசுப்பின் வீடோ கடைவீதிக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். அதில் பத்து நாள் ஏழு பேர், வேறு உறவும் சேர்ந்தால் சில வருடம் பத்துப் பேர். காலை ஐந்து மணிக்கு ரபியா வெந்நீர் போட ஆரம்பித்தால் கடைசி ஆள் குளித்து முடிக்கப் பத்தாகிவிடும். அதற்குள் இட்லி ஆறிப்போயிருக்கும். அதைச் சூடாக்கிக் கொடுத்தால், "என்ன மைனி, இட்லி கல்லு மாதிரி இருக்கு?" என்பாள் ஹசீனா.

முன்பெல்லாம் வாய் நிறைய "அண்ணி" என்று கூப்பிட்டவள்தான். தெற்கே போய்ப் பழகிய பிறகு அது "மைனி" ஆகிவிட்டது. குறை சொல்வதிலும் ஒரு சுருதி வந்துவிட்டது. தண்ணீர் ஐஸாக இருக்கிறது, மீன் இல்லாமல் எப்படித்தான் சோறு இறங்குகிறதோ, கம்பளி குத்துகிறது, இந்த ஊரில் துணி காயவே காயாதா. ரபியா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் வலித்தது.

போன வருடம் பஸ் ஏறும்போது ஹசீனா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னாள். "நீங்க ஒரு தடவையாவது எங்க ஊட்டுக்கு வந்திருக்கீங்களா மைனி? நாங்கதான் வருசா வருசம் வெட்கமில்லாம வந்து நிக்கறோம்."

பஸ் போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை. ஒரு வருடம் அது ரபியாவின் காதிலேயே கிடந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், யாரையும் கேட்காமல் போனை எடுத்தாள்.

"ஹசீனா, இந்த வருசம் நீங்க வர வேண்டாம் கண்ணு. நாங்க வர்றோம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று ரபியா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை.

"ஹசீனா?"

"ஆங்... வாங்க மைனி. வாங்க. எத்தனை நாளைக்கு?"

"நீ எத்தனை நாளைக்கு வருவியோ அத்தனை நாளைக்கு."

யூசுப் அன்று ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார். "சீசன்ல கடையைச் சாத்திட்டா? ஊரே இங்க வர்றப்ப நாம எங்க போறது? சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமுங்க. நம்ம புள்ள தஸ்லீமாவுக்குப் பதினாறு வயசாச்சு. இன்னும் கடலப் பாத்ததில்ல. எனக்கு நாப்பத்தி நாலு. நானும் பாத்ததில்ல."

கடையைப் பார்த்துக்கொள்ள வழி சொன்னவர் வெள்ளையன். நாகலூரில் நான்கு ஏக்கரில் காப்பியும் மிளகும் போட்டிருப்பவர். யூசுப் கடைக்கு மிளகு அவர் தோட்டத்திலிருந்துதான் வரும். மூட்டையை இறக்கிவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க பாய், எம்புள்ள வெண்ணிலா காலேஜ் லீவுல ஊட்டுல சும்மாத்தானுங்க இருக்குது. பத்து நாளும் அது ஒக்காந்துக்கும். உங்களுக்கு விக்கத் தெரியறதைவிட அதுக்கு நொம்ப நல்லாத் தெரியும்."

யூசுப்புக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மலையிறக்கத்தின் இருபது கொண்டையூசி வளைவிலும் ரபியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலம் தாண்டி, கோடு போட்டதுபோல் நேராக ஓடும் நாலுவழிச் சாலையில் ஏறியதும்தான் வயிற்றைப் புரட்டியது. "இப்படி வளைவே இல்லாமப் போனா எந்த வயிறு தாங்கும்?" என்றாள் பாவமாக. தஸ்லீமா சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள். மதுரை தாண்டியதும் வெயில் வெள்ளையாக மாறியது. பிறகு பனைமரங்கள். ஒன்று, பத்து, ஆயிரம் என்று பனைமரங்கள், செக்கச்செவேலென்ற மணல். ரபியாவுக்கு வயிறு சரியாகிவிட்டது. போய்ச் சேர்ந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். ஒன்றும் செய்யக் கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து, "வெந்நீர் ஆச்சா ஹசீனா?" என்று கேட்க வேண்டும். இட்லியைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அன்வர் ஆட்டோவோடு நின்றிருந்தான். "வாங்க மச்சான், வாங்க" என்று பைகளை வாங்கிக்கொண்டவன் முகத்தில் ஏதோ ஒரு சங்கடம். தெருவுக்குள் ஆட்டோ நுழைந்ததும் வாசல்தோறும் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு பெண் மற்றொருத்தியிடம் சொன்னது ரபியாவின் காதில் தெளிவாக விழுந்தது.

"எஸ்டேட்டுக்காரவ வந்துட்டாவ."

வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று ரபியா நினைத்துக்கொண்டாள்.

ஹசீனாவின் வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய போட்டோ. யூசுப் அதன் முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. ஒரு பெரிய இரும்புக் கேட், அதற்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. கேட்டுக்கு முன்னால் ஒரு ஜீப். ஜீப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு யூசுப்பேதான் நின்றிருந்தார்.

"இது வெள்ளையன் ஜீப்பாச்சே" என்றார் யூசுப். "பின்னால இருக்கறது நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் பங்களா. மூணு வருசத்துக்கு முந்தி போட்டோ எடுக்கணும்னு அடம் பிடிச்சியே, அதுவா? இதை எதுக்கும்மா இவ்ளோ பெருசா மாட்டி வச்சிருக்கே?"

ஹசீனா ரபியாவின் கையைப் பிடித்தாள். "மைனி, ஒரு நிமிசம் உள்ள வாங்க."

சமையல்கட்டுக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டாள்.

"மைனி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க என்னை என்ன வேணா திட்டிக்கோங்க. வெளிய மட்டும் காட்டிக் குடுத்துராதீங்க."

"என்னன்னு சொல்லு கண்ணு."

"கல்யாணமாகி வந்த புதுசுல இந்தத் தெருவுல எல்லாரும் என்னை மலங்காட்டுப் புள்ளன்னு கேலி பண்ணுவாங்க. மீனு அரியத் தெரியல, கடல் காத்து ஒத்துக்கல. ஒரு நாள் கோவத்துல, எங்கண்ணனுக்கு ஏற்காட்டுல எஸ்டேட் இருக்குன்னு சொல்லிப்போட்டேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் மைனி. அப்புறம் அது தானா நடந்து போயிருச்சு."

போனில் கேட்ட அந்த நீண்ட மௌனத்துக்கு இப்போது ரபியாவுக்கு அர்த்தம் புரிந்தது.

"எத்தனை ஏக்கர்னு சொல்லி வச்சிருக்கே?"

"மொதல்ல பத்து."

"இப்ப?"

ஹசீனா தரையைப் பார்த்தாள். "அறுபது."

"நடுவுல எப்ப வாங்குனோம் ஐம்பது ஏக்கரு?"

"வருசா வருசம் ஊருக்கு வந்துட்டுப் போறப்ப எல்லாரும் கேப்பாங்க மைனி, இந்த வருசம் என்ன விசேசம்னு. ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்றது? கொஞ்சம் கொஞ்சமா..."

ரபியாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வெளியே வந்தது சிரிப்பு. இரண்டு அறை வீட்டில் ஏழு பேருக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் தனக்குத் தெரியாமலே தான் அறுபது ஏக்கருக்கு முதலாளியம்மாவாக வாழ்ந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளால் அடக்க முடியவில்லை. அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹசீனா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

கஷ்டமெல்லாம் யூசுப்பிடம்தான். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா ஸ்வெட்டர் கடைன்னுதான் சொல்லுவேன்."

"நீங்க பொய்யே சொல்ல வேண்டாமுங்க" என்றாள் ரபியா. "வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்."

அப்படியே இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, "இந்த வருசம் காப்பி விலை எப்படி முதலாளி?" என்று கேட்டார்கள். யூசுப் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எல்லாம் அல்லா கையில" என்றார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் அளந்து பேசுவார்கள் என்று அந்தத் தெரு முடிவு கட்டிவிட்டது.

பெண்கள் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. மத்தியானமும் சாயங்காலமும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி நுங்கு கொண்டுவந்தாள், ஒருத்தி கருப்பட்டி போட்ட பணியாரம் கொண்டுவந்தாள். அவர்களுக்கெல்லாம் தலைவி போலிருந்தவள் அடுத்த வீட்டு பல்கீஸ். ஐம்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவளைக் கண்டால் ஹசீனாவுக்கு வேர்த்தது.

"தோட்டம் எவ்வளவு தூரத்துக்குப் போவும் மைனி?" என்று கேட்டாள் பல்கீஸ்.

ரபியா யோசித்தாள். கணவர் பொய் சொல்ல மாட்டேன் என்றபிறகு தான் மட்டும் சொல்வானேன்? "எங்க ஊட்டுப் பின் ஜன்னலைத் தொறந்தாப் போதுமுங்க, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் காப்பிச் செடிதான்." அது நிஜம். யாருடைய செடி என்று பல்கீஸ் கேட்கவில்லை.

"வேலையாளு நெறைய இருப்பாவளே?"

"யாரு இருந்தாலும் நம்ம கையால செஞ்சாத்தானுங்க திருப்தி. விடிகாலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்னா படுக்கற வரைக்கும் எல்லா வேலையும் நாந்தான்."

"பாத்தியளா!" என்று பல்கீஸ் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "அம்புட்டு சொத்து இருந்தும் குணம் எப்படி இருக்குன்னு பாருங்க."

"கரடி வருமா அங்க?" என்றது ஒரு சின்னப் பெண்.

"கரடியூர்னே ஒரு ஊர் இருக்குது கண்ணு. காட்டெருமை வந்து கேட்டுக்கு முன்னாலயே நிக்கும்."

தஸ்லீமா சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் ஓடினாள்.

இதற்கு நடுவே ரபியா வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தாள். காலை நீட்டி உட்கார வேண்டும் என்று திட்டம் போட்டு வந்தவளுக்கு, உட்காரவே வரவில்லை. ஹசீனா அவளை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடவில்லை. காலையில் ஆப்பம், கூடவே தேங்காய்ப்பால். பத்து மணிக்குப் பதநீர். மத்தியானம் சீலா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும். மூன்றாம் நாள் ஹசீனா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து ரபியா திருட்டுத்தனமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த ஹசீனா கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். உதட்டைப் பிதுக்க ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. மீன் குழம்பு அப்படி இருந்தது.

"ஏன் ஹசீனா, இவ்ளோ நல்லா சமைக்கறே. எங்க ஊட்டுக்கு வந்தா அடுப்புப் பக்கமே வர மாட்டியே?"

"அந்தப் பத்து நாளுதான் மைனி எனக்கு ஓய்வு" என்றாள் ஹசீனா. வெகு சாதாரணமாகச் சொன்னாள். "மிச்ச நாளெல்லாம் இந்த அடுப்புதானே."



அன்று சாயங்காலம் எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். முதல் நாளே கடலைப் பார்த்தாகிவிட்டது. பார்த்த கணத்தில் ரபியா மணலில் உட்கார்ந்துவிட்டாள், தஸ்லீமா கத்திக்கொண்டே ஓடினாள். ஆனால் அன்றைக்குக் கூட்டம் பெரிது. தெருவில் பாதிப் பேர் பாயும் தூக்குப்போணியுமாக வந்திருந்தார்கள். சூரியன் பனங்காட்டுப் பக்கம் இறங்கிவிட்டதால் கடல் நிழலாக, அடக்கமாகக் கிடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், சற்றுத் தள்ளிப் பெண்கள் வட்டமாக. யூசுப் ஒரு படகில் சாய்ந்து நின்று கடைக்குப் போன் செய்துகொண்டிருந்தார். வெண்ணிலாவின் குரல் காற்றில் கேட்டது: "மாமா, இது இன்னிக்கு நாலாவது போனுங்க. கடை இருந்த எடத்துலதான் இருக்குது."

பல்கீஸ் சுண்டலை எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"மைனி, நாங்க எல்லாரும் பேசி ஒரு முடிவு பண்ணியிருக்கோம். அடுத்த மாசம் ஒரு வேன் பிடிச்சு ஏற்காட்டுக்கு வாறோம். ஒரு இருபது பேரு. ஓட்டல்ல எல்லாம் தங்க மாட்டோம். உங்க பங்களாவுல ரெண்டு ரூமு, மூணு ரூமு ஒதுக்கித் தந்தாப் போதும். என்ன சொல்லுதிய?"

வட்டம் முழுவதும் ரபியாவைப் பார்த்தது. ஹசீனாவின் கையில் இருந்த சுண்டல் ஒவ்வொன்றாக மணலில் உதிர்ந்தது.

ரபியா மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டாள். முன்னறையில் ஆறு பேர் படுக்கலாம். உள்ளறையில் ஐந்து. கடைக்குப் பின்னால் சரக்கு அறையை ஒழித்தால் நான்கு. வெள்ளையனிடம் சொன்னால் நாகலூரில் மீதிப் பேருக்கு இடம் கிடைக்கும். பங்களாவில் ரிப்பேர் வேலை நடக்கிறது என்று ஏதாவது... இல்லை, பொய் வேண்டாம். எப்படியோ பார்த்துக்கொள்ளலாம். வெந்நீர்தான் பெரும்பாடு.

"அதுக்கென்னங்க" என்றாள். "தாராளமா வாங்க. எல்லாருக்கும் நான் சமைச்சுப் போடறேன்."

"வேண்டாம் மைனி!"

ஹசீனா எழுந்து நின்றுவிட்டாள். குரல் உடைந்திருந்தது. "நீங்க சொல்லாதீங்க. இருபது பேத்தையும் அந்த ரெண்டு ரூம்ல வச்சு எனக்காக நீங்க இன்னும் சாக வேண்டாம்." பிறகு வட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பல்கீஸ் ராத்தா, எல்லாரும் கேளுங்க. எங்கண்ணனுக்கு எஸ்டேட்டும் கிடையாது, பங்களாவும் கிடையாது. ஸ்வெட்டர் விக்கற கடைதான். அந்தப் போட்டோவுல இருக்கற ஜீப்புகூட இன்னொருத்தரோடது. நாந்தான் வாய்க்கு வந்தபடி அளந்துட்டேன். எங்கண்ணன் மேலயும் மைனி மேலயும் ஒரு தப்பும் இல்ல."

ரபியா ஹசீனாவின் முந்தானையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தாள். அவள் உட்காரவில்லை. ஏதோ அடி விழப்போவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. ஒருத்தி களுக்கென்றாள். பிறகு இன்னொருத்தி. பல்கீஸ் மட்டும் சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தாங்க முடியாமல் பாயில் சாய்ந்துவிட்டாள். அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கியது.

"ஏளா ஹசீனா, அது எங்களுக்கு நாலு வருசமாத் தெரியும்!"

ஹசீனா கண்ணைத் திறந்தாள்.

"எம் மச்சான் ஏற்காட்டுக்கு டூர் போனாவல்லா? குளிரு தாங்காம ஒரு கடையில ஏறி ஸ்வெட்டரு கேட்டிருக்காவ. எந்த ஊருன்னு கடைக்காரர் கேட்டாராம். ஊர் பேரைச் சொன்னதும், எந்தங்கச்சி ஊராச்சேன்னு சொல்லி, டீ வாங்கிக் குடுத்து, குல்லா ஒண்ணு சும்மா மாட்டிவிட்டு அனுப்பியிருக்காரு. யாருன்னு நெனக்கே? உங்க எஸ்டேட்டு முதலாளிதான்!"

"மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாரு, கொஞ்சம் குள்ளமா" என்றார் படகுப் பக்கமிருந்து யூசுப். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மூன்று நாள் பேசாமலிருந்த மனிதர் அவர். இனித் தடையில்லை என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த ஆண்களிடம், எந்தக் கம்பளி சாயம் போகும், எந்தக் கம்பளி போகாது என்று ஆரம்பித்துவிட்டார்.

"தெரிஞ்சா அப்பவே கேட்டிருக்கலாம்ல ராத்தா?" என்றாள் ஹசீனா. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன.

"எதுக்குக் கேக்கணும்? வருசா வருசம் நீ மலையிலேர்ந்து வந்து கதை சொல்லுதத கேக்கத்தானே நாங்க காத்துக்கிட்டு இருக்கோம். அறுபது ஏக்கரு யாருக்கு வேணும்? பங்களாவுல ரூமு கேட்டதும் உன்னைச் சும்மா சீண்டிப் பாக்கத்தான். ஆனா ஒண்ணு மைனி" என்று பல்கீஸ் ரபியாவின் பக்கம் திரும்பினாள். "எஸ்டேட்டுதான் பொய்யி. உங்களப் பத்திச் சொன்னது ஒண்ணுகூடப் பொய்யில்ல. எங்க மைனி மாதிரி மனுசி உலகத்துலேயே கிடையாதுன்னுதான் சொல்லுவா. நாங்க எந்திரிக்கிறதுக்கு முன்ன வெந்நி ரெடியா இருக்கும், கறிக்கொழம்பு வச்சா மூணு தெருவுக்கு மணக்கும், அந்தத் தண்ணிதான் எவ்வளவு குளிர்ச்சி, அப்படி இப்படின்னு. எங்க மருமவள்வளுக்கு எல்லாம் உங்க பேரைச் சொல்லித்தான் நாங்க ஏசுவோம்."

"தண்ணியப் பத்தியா?" என்றாள் ரபியா. "ஐஸ் மாதிரி இருக்குன்னு என்னைத் திட்டுவாளே!"

"அது உங்ககிட்டச் சொல்றது மைனி" என்றாள் ஹசீனா சிறு குரலில். "இங்க வந்தா அந்தத் தண்ணி நெனப்புதான்."

பதினேழு வருடத்து இட்லிகள் ஒவ்வொன்றும் ரபியாவின் கண் முன்னால் வந்து போயின. நாத்தனாரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கண்ணைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள். "கிறுக்குக் கழுதை! இதுல ஒரு வார்த்தைய என்கிட்டச் சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"வேன் நெசமா வருமா ராத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வராம?" என்றாள் பல்கீஸ். "மைனி வாங்கன்னு சொல்லிட்டாவளே! ஆனா லாட்ஜுல தங்கிக்கிடுவோம். சமையலுக்கு நாங்களும் கூட வந்து நிப்போம். மீனு ஐஸ் வச்சுக் கொண்டாரது அன்வர் பொறுப்பு."

இருட்ட இன்னும் அரைமணி இருந்தது. தஸ்லீமா முழங்கால் தண்ணீரில் நின்று கையாட்டிக் கூப்பிட்டாள். ரபியா எழுந்து துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"வா ஹசீனா, எறங்கலாம்."

"நானா? ஐயோ, மாட்டேன் மைனி."

"ஏன்?"

"நான் எறங்குனதே இல்ல."

ரபியா நம்பாமல் பார்த்தாள். "இத்தனை வருசமா இந்தக் கடலுக்குப் பக்கத்துலயே இருக்கே?"

"காலு மட்டும் நனைப்பேன். உள்ள போனா இழுத்துட்டுப் போயிருமோன்னு பயம். யாரும் கூப்பிட்டதும் இல்ல."

"நான் கூப்பிடறேன். வா. மலங்காட்டுப் புள்ளைக ரெண்டு பேரும் சேந்து போவோம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். முதல் அலை கணுக்காலில் தொட்டதும் ஹசீனா நின்றாள். இரண்டாவது முழங்காலுக்கு வந்தது. கரையிலிருந்து பல்கீஸ், "இன்னும் ரெண்டு எட்டு வைங்க! அதுக்கு மேல போவாதிய!" என்று கத்தினாள். மூன்றாவது அலை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து இருவரையும் சேர்த்துத் தூக்கி, புரட்டி, மணலில் உட்கார வைத்துவிட்டுப் போனது. ரபியாவின் வாய், மூக்கு, காது எல்லாம் உப்பு. ஒரு செருப்பு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், ஹசீனா முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டு, இடுப்பளவு நுரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி வாய்விட்டுச் சிரித்து ரபியா பார்த்ததே இல்லை.

"மைனி, இன்னொண்ணு வருது, புடிங்க, புடிங்க!"

பிடித்துக்கொண்டார்கள். அதுவும் உருட்டியது. அதற்குப் பிறகு கரையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக, நகையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நகையை வாங்கிக்கொள்ளக் கரையில் ஆளில்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் பல்கீஸ் ஒரு துண்டில் முடிந்து யூசுப்பின் கையில் திணித்தாள். "முதலாளி, இதைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு அவளும் தொம்மென்று கடலுக்குள் இறங்கினாள்.

பாங்கு சொல்லும்வரை ஒருவரும் கரையேறவில்லை.